தாய்க்கு இடமில்லை

இலண்டன் இலிவர்பூல் தெரு இரயில் நிலையத்தின் முன்னே, பெட்டியும் கையுமாகச் சிறுவர் சிறுமியர் நிற்கும் வெண்கலச் சிலையைப் படத்திலே கண்டோம். கண் அகலவில்லை நமக்கு. இட்லரின் கொடுமைக்குத் தப்பி, 1938-39இல் பெற்றோரைப் பிரிந்து வந்த ஏறத்தாழ 10,000 பிள்ளைகளின் நினைவுச் சின்னம் அது. அவர்களுள் மிகப் பலர் பெற்றோரைப் பிறகு காணவே இல்லை.

பிராகு நகரிலிருந்து ஆறு வயதில் வந்தவர் ஆல்ஃப் டப்சு. முன்னரே தப்பி வந்திருந்த தந்தை அவருக்காக நிலையத்திலே காத்திருந்தார். தாயும் பின்னர் வந்து சேர்ந்தார். எத்தனை பேருக்குக் கிட்டிற்று அந்தப் பேறு! பின்னாளில் பிரபுக்கள் சபையில் அமர்ந்த அவர், ஐரோப்பாவில் தனித்துத் தவிக்கும் அகதிப் பிள்ளைகளைப் பிரிட்டனிலுள்ள உறவினரோடு சேர்த்திடுக என வாதாடினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டப்ளின் விதி அதற்கு வழி வைத்திருந்தது. ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகியபோது, அவ்வழியைக் காக்க அவர் கொணர்ந்த திருத்தத்தை 2020 சனவரியில் மக்கள் சபை தள்ளிற்று. அவ்வாண்டின் முடிவோடு வழியும் அடைபட்டது.

உறவினர் கிடக்கட்டும், பெற்ற தாய்? தனியே வந்த பிள்ளையை அகதியென ஏற்றாலும், தாய் தந்தையரை அழைத்துக்கொள்ளும் உரிமையை அந்நாட்டு விதிகள் அதற்குத் தரவில்லை. தந்தால், பிள்ளைகளை முன்னே அனுப்பிவிட்டுப் பெற்றோர் பின்னே வருவராம்! ஆட்சியாளர் கூறும் காரணம் இது. குண்டுமழையில் மகன் கையை விடுகிற தாய், குடியேற்றச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா விடுகிறாள்? ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளிலோ, 2003ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி அவ்வுரிமை பிள்ளைக்கு உண்டு.