சிரிக்க மூச்சிருந்தால் ஓடலாம்

“இந்தப் புள்ளைக்கு விசர் புடிச்சிட்டா?”

மட்டக்களப்பு, கல்லடிப் பழைய பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் இப்படிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. விடிந்தும் விடியாத நேரத்தில் சப்பாத்துப் போட்டு ஓடிவந்த ஒரு பெண், திடீரென நின்று பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியே சிரித்தால் யார்தான் அப்படிக் கேட்கமாட்டார்கள்?

நான் சமூகவியல் படித்து, சமூக சேவையில் இருப்பவள். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களின் கதைகளைக் கேட்பதும், 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறும் வழியை விளக்குவதும் என் நாளாந்தக் கடமை. சென்ற வருடம் ஒரு சகோதரி தன் முறைப்பாட்டை மூன்றாவது தடவையாகக் கைவிடப்போவதாகச் சொன்னார். “பிறகு ஏன் என்னட்ட வந்தீங்க?” என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கேட்பதற்கென்றே படித்த எனக்குக் கேட்கும் பொறுமை எங்கே போனது?

அந்த மாதமே பிரஷரும் கூடியது. “நடவுங்க, ஏலுமென்றால் ஓடுங்க” என்றார் டொக்டர். “ரெண்டு புள்ளப் பெத்தவ ரோட்டில ஓடுறதா?” என்று மாமி முகம் சுளித்தார். 2023 இல், 72 வயதில், பிலிப்பைன்ஸ் சென்று தங்கப் பதக்கம் வென்றுவந்த முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மாவின் படத்தைக் காட்டினேன். மாமி அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

ஓடிப் பழகாதவர்களுக்கென 1996 இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த 9 வாரப் பயிற்சியைத் தொடங்கினேன். வாரத்தில் 3 நாட்கள். முதல் வாரம் 5 நிமிட வேக நடை. பின் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். கால்கள் பழகின. மனம்தான் பழகவில்லை. ஓடும்போதும் அலுவலகத்தில் கேட்ட அழுகுரல்களே கூட வந்தன.

கனடாவிலுள்ள தங்கை அதற்கொரு மருந்து அனுப்பினாள். அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித் எழுதிய துப்பறியும் கதைத்தொடரின் ஒலிநூல். 1998 இல் தொடங்கி 20 க்கும் மேற்பட்ட நூல்களாக வளர்ந்த தொடர் அது. நாயகி பிரெஷஸ் ரமொட்ஸ்வே, தந்தை விட்டுப்போன மாடுகளை விற்று, போட்ஸ்வானா நாட்டில் துப்பறியும் நிலையம் நடத்துபவர். ஒரு சின்ன வெள்ளை வேனும், செந்நிறத் தேநீரும், மனிதரை அறிந்த அனுபவமும்தான் அவரது ஆயுதங்கள்.

முதல் நூலில், தகப்பன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஆளைப் பரீட்சிக்கிறார். தாதி உடையில் போய், “உங்கள் மகளுக்கு விபத்து. நிறைய இரத்தம் வேண்டும். கொடுத்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து” என்கிறார். ஆள் உடனே உண்மையைக் கக்கிவிடுகிறான். பாலத்தில் நான் சிரித்தது இதற்குத்தான்.

சில நாட்கள் கழித்து அதே நூல் என்னை நடக்கவைத்தது. இந்தச் சிரிப்புக்காரியை அவரது முதல் கணவன் அடித்திருக்கிறான். பிறந்த குழந்தையையும் அவர் பறிகொடுத்திருக்கிறார். நான் தினமும் கேட்கும் கதை! துன்பம் அறியாததால் அவர் சிரிக்கவில்லை. அறிந்த பின்பும் சிரிக்கிறார். அதனால்தான் வருகிறவர்களுக்கு முதலில் தேநீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்க அவரால் முடிகிறது. பிறர் துயரம் கேட்பவள் சிரிப்பது பாவம் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

ஓடும்போது கதைக்க முடிந்தால் வேகம் சரி என்பார்கள். நான் சிரிப்பால் அளந்தேன். சிரிக்க மூச்சில்லையென்றால் வேகம் அதிகம், குறைக்க வேண்டும். என் தொழிலுக்கும் அதுவே அளவு என்று பிறகு விளங்கியது.

அந்தச் சகோதரிக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு கிழமை கழித்து வந்தார். கோப்பைத் திறக்காமல் பிளேன்ரீ போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தார். பிறகுதான் மற்றதைச் சொன்னார். பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போதும் வருகிறார்.

சகோதரிகளே, நீங்களும் கேட்டுக்கொண்டே நடக்கலாம், ஓடலாம். ஒரு காதில் மட்டும் கேளுங்கள். மறு காது வீதிக்கு வேண்டும்.

ஒன்பது வாரம் எனக்குப் பதினான்கு வாரமாயிற்று. 5 கிலோமீற்றரை நிற்காமல் முடித்த காலையில் அந்த ஐயா தூண்டிலோடு திரும்பிப் பார்த்தார்.

“என்ன மகள், இண்டைக்குச் சிரிப்பில்லையா?”

சிரித்துவிட்டேன். மூச்சு மிச்சமிருந்தது.