ஐந்து ராத்திரி, ஐந்து கிறுக்குக் காதல்

பதிவு கொஞ்சம் நீளம். விடைத்தாள் திருத்துகிற பொறுமையோடு படியுங்கள்.

போன வாரம் மகள் எனக்கு ஒரு சவால் வைத்தாள். ஐந்து ராத்திரி, ஐந்து காதல் படம். எல்லாமே கொஞ்சம் கிறுக்குத்தனமான காதலாக இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் தூங்கப் போகும் முன் நோட்டில் என் கருத்தை எழுதிவிட வேண்டும். "அம்மா, 'நல்ல படம்'னு ஒரே வரியில முடிச்சா மார்க் கிடையாது" என்றும் சொல்லிவிட்டாள். முப்பது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளிடம் நான் சொன்னது எனக்கே திரும்பி வந்தது. சப்டைட்டில் வேகமாக ஓடிய இடங்களில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நோட்டில் எழுதியதைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

முதல் நாள், 'ஹெரால்ட் அண்ட் மாட்'. 1971இல் வந்த அமெரிக்கப் படம். ஹெரால்ட் இளவயதுப் பணக்காரப் பையன். அம்மா பார்க்கும்படி விதவிதமாகத் தற்கொலை நாடகம் போடுவான். முன்பின் தெரியாதவர்களின் இறுதிச் சடங்குக்குப் போய் நிற்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அதே பழக்கம் உள்ள ஒரு பாட்டியை அங்கே சந்திக்கிறான். பாட்டிக்கு எண்பது வயது ஆகப் போகிறது. இவர்களுக்குள் காதல்! முதல் அரைமணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தேன். பிறகு ஒரு காட்சியில் பாட்டியின் கையில் பச்சை குத்திய எண் ஒரு நொடி தெரிகிறது. நாஜிகள் வதைமுகாமில் கைதிகளுக்குக் குத்திய எண். அதைப் பற்றிப் படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவைப் பக்கத்தில் பார்த்துத் தப்பி வந்தவள், சாவோடு விளையாடுகிற பையனுக்கு வாழச் சொல்லிக் கொடுக்கிறாள். வயது வித்தியாசம் கடைசிவரை எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு பாட்டியைக் கேலி செய்யத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள், 'அமேலி'. பிரெஞ்சுப் படம், 2001. அமேலியின் அப்பா டாக்டர். மகளைத் தூக்கிக் கொஞ்சுகிற ரகம் இல்லை. உடம்பைச் சோதிக்கும்போது மட்டும்தான் தொடுவார். அப்பா தொடுகிறாரே என்ற சந்தோஷத்தில் குழந்தையின் நெஞ்சு படபடக்கிறது. அவரோ இதயநோய் என்று முடிவுகட்டி, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் விட்டுவிடுகிறார். இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வளர்ந்த அமேலி ஊருக்கெல்லாம் ரகசியமாக உதவி செய்கிறாள். தனக்குப் பிடித்தவன் எதிரே வந்தால் மட்டும் ஒளிந்துகொள்கிறாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. தானியங்கி போட்டோ பூத்தில் மற்றவர்கள் கிழித்துப் போட்ட படங்களைப் பொறுக்கி ஆல்பத்தில் ஒட்டுகிறவன்!

மூன்றாம் நாள், 'பஞ்ச் ட்ரங்க் லவ்', 2002. நாயகனுக்கு ஏழு சகோதரிகள். சின்ன வயதில் வைத்த பட்டப்பெயரை, அவன் வளர்ந்து தொழில் செய்கிற வயதிலும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவன் ஒன்றும் பேசாமல் போய்க் கண்ணாடிக் கதவை உடைக்கிறான். பட்டப்பெயரின் வலி வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம், விமான மைல் பரிசுக்காகப் புட்டிங் டப்பாக்களாக வாங்கி அடுக்குகிறான். இது கற்பனை என்று நினைத்தேன். 1999இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற இன்ஜினியர் நிஜமாகவே 12,000க்கும் மேற்பட்ட புட்டிங் டப்பா வாங்கிப் பத்து லட்சம் மைலுக்கு மேல் சேர்த்தாராம்!

நான்காம் நாள், 'லார்ஸ் அண்ட் தி ரியல் கேர்ள்', 2007. லார்ஸ் கூச்ச சுபாவம் உள்ளவன். யாராவது தொட்டாலே அவனுக்கு வலிக்கும். அவனைப் பெற்றபோதே தாய் இறந்துவிட்டாள். ஆள் உயரப் பெண் பொம்மை ஒன்றை வரவழைத்து, "இவள்தான் பியான்கா, என் தோழி" என்று அண்ணன் வீட்டுக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வருகிறான். அண்ணனுக்கு அவமானம். டாக்டரம்மா, "அவன் போக்கிலேயே போங்கள்" என்கிறார். ஊரும் ஒத்துக்கொள்கிறது. பியான்காவுக்கு முடி திருத்துகிறார்கள், வேலை கூடக் கொடுக்கிறார்கள். அவளுக்கு "உடம்பு முடியாமல்" போனதும் பெண்கள் சமைத்து எடுத்துக்கொண்டு வந்து லார்ஸ் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் துக்க வீட்டில் பெண்கள் உட்காருவதைப் போலவே இருந்தது.

இந்தப் படம் எனக்கு ஒரு பிள்ளையை ஞாபகப்படுத்தியது. மூன்றாம் வகுப்பு. கோடை விடுமுறையில் அவளோடு இரட்டையாகப் பிறந்த தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளி திறந்து வருகைப் பதிவு எடுக்கும்போது, தன் பெயருக்கு "உள்ளேன் டீச்சர்" என்றவள், தங்கைக்காக இன்னொரு முறை மெதுவாகச் சொன்னாள். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். மறுநாளும் அப்படியே. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அவளே நிறுத்திவிட்டாள். ஆசிரியர் பயிற்சியில் இதற்கெல்லாம் பாடம் இருந்ததில்லை. அந்தப் பிள்ளைகளிடம்தான் நான் படித்தேன்.

ஐந்தாம் நாள், 'தி லஞ்ச்பாக்ஸ்'. நம் மும்பைக் கதை, 2013. கணவனுக்கு இளா அனுப்பும் சாப்பாடு, மனைவியை இழந்த சாஜன் என்ற அலுவலக ஊழியரின் மேஜைக்குத் தவறிப் போகிறது. டிபன் கேரியரில் கடிதங்கள் போய் வருகின்றன. பார்க்காமலே வளர்ந்த நம் 'காதல் கோட்டை' ஞாபகம் வரும். ஆனால் என்னை உலுக்கிய காதல் அவர்களுடையது இல்லை. மாடி வீட்டு ஆன்ட்டியுடையது. படத்தில் அவர் முகம் வருவதே இல்லை, குரல் மட்டும்தான். அவர் கணவர் பல வருடமாகக் கோமாவில் இருக்கிறார். ஓடுகிற மின்விசிறியையே பார்த்தபடி படுத்திருப்பார். அது நின்றால் அவர் உயிரும் நின்றுவிடும் என்று ஆன்ட்டிக்குப் பயம். அதனால் மின்விசிறியை நிறுத்தாமலே, ஓட ஓடத் துடைக்கிறார்.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவரும் வாத்தியார்தான். அவருடைய எச்எம்டி வாட்சுக்குத் தினமும் காலையில் நான் சாவி கொடுக்கிறேன். நான் அதைக் கட்டிக்கொள்வதில்லை, அதில் மணி பார்ப்பதும் இல்லை. ஓடட்டும், அவ்வளவுதான். உறவுக்காரர் ஒருவர் நாலு பேர் நடுவில், "ஆளே இல்ல, வாட்சுக்கு எதுக்குச் சாவி?" என்று கேட்டுச் சிரித்தார். மகளிடம் தனியாக, "அம்மாவை டாக்டர்கிட்ட காட்டு" என்றும் சொல்லியிருக்கிறார். அவள் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. இந்தச் சவாலைத்தான் வைத்தாள். பட்டியலில் ஐந்தாவது படத்தை எதற்காக வைத்தாள் என்று அன்று ராத்திரிதான் புரிந்தது. அன்றைய கருத்தாக நோட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: "ஆன்ட்டிக்குப் பைத்தியம் இல்லை. எனக்கும் இல்லை."

ஐந்து படத்தையும் சேர்த்து யோசித்தால் எனக்குத் தோன்றுவது இது. கிறுக்கைச் சரி செய்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று இவற்றில் யாரும் காத்திருக்கவில்லை. கிறுக்கோடு இருக்கும்போதே பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். காதலோ, தாய்ப்பாசமோ, அக்கம்பக்கமோ, எதற்கும் அதுதான் ஆரம்பம். உங்கள் தெருவிலும் இறந்தவரின் சட்டையை மாதம் ஒருமுறை துவைத்துக் காயப்போடுகிறவர் இருக்கலாம். காரணம் கேட்காதீர்கள். போய் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

மகள் என் நோட்டைத் திருத்தி நூற்றுக்கு 82 போட்டிருக்கிறாள். எழுத்துப் பிழைக்கு இரண்டு மார்க் குறைத்தாளாம்; மீதி பதினாறு எங்கே போனது என்று கேட்டால் சிரிக்கிறாள். அடுத்த சுற்றுக்குப் பட்டியல் வேண்டும். நீங்கள் பார்த்த கிறுக்குக் காதல் படம் எது? கமெண்டில் சொல்லுங்கள்.