ஆசி வழங்கும் கரமும் ஒரு மடக்குக் கத்தியும்

பிரான்சு நாட்டின் தென்கிழக்கில், இத்தாலிய எல்லையை ஒட்டி, ஆல்ப்ஸ் மலைகளுக்கு இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது மொரியென் பள்ளத்தாக்கு. 2,764 மீட்டர் உயரமுள்ள இசெரான் கணவாய்க்கு அருகே தோன்றும் ஆர்க் என்னும் ஆறு, கற்களை உருட்டிக்கொண்டு இதன் வழியே இறங்கி, இசேர் ஆற்றில் கலக்கின்றது. பாரிசிலிருந்து இத்தாலியின் தூரின் நகருக்குச் செல்லும் இருப்புப்பாதையும் இப்பள்ளத்தாக்கின் வழியாகவே ஏறி, 1871இல் திறக்கப்பட்ட பிரெஜுஸ் சுரங்கத்தினுள் புகுகின்றது. 2023 ஆகஸ்டுத் திங்களில் மலை சரிந்து பாறைகள் விழுந்து இப்பாதையை அடைத்தன. 2025 மார்ச்சு இறுதியில்தான் தொடர்வண்டிகள் மீண்டும் ஓடின. அத்துணைக் கடுமையான நிலம் அது. அந்நிலத்து உழவரும் மேய்ப்பரும் தங்கள் சட்டைப்பையில் சுமந்து திரிந்த ஒரு சிறு கத்தியே இக்கட்டுரையின் பொருள்.

இப்பள்ளத்தாக்கு 1860ஆம் ஆண்டில் பிரான்சுடன் இணைக்கப்பட்ட சவோய் நாட்டைச் சேர்ந்தது. சவோய் நம் திருச்சபைக்கு அந்நியமன்று. அருட்தந்தை பேதுரு மெர்மியே 1838இல் அங்கே தோற்றுவித்த புனித பிரான்சிஸ் சலேசியார் மறைபரப்புச் சபையின் குருக்கள், 1846இல் விசாகப்பட்டினத்தில் வந்திறங்கி நம் நாட்டில் நற்செய்திப் பணியைத் தொடங்கினர் என்பதை வாசகர் பலர் அறிவர்.

பள்ளத்தாக்கின் நடுவே, மலைகள் சற்றே விலகி இடங்கொடுக்கும் ஓரிடத்தில், சான் ஜான் தெ மொரியென் என்னும் சிறு நகர் அமைந்துள்ளது. 'மொரியெனின் புனித அருளப்பர்' என்பது அப்பெயரின் பொருள். இங்கே குறிக்கப்படுபவர் புனித ஸ்நாபக அருளப்பர். ஆறாம் நூற்றாண்டில் மொரியெனைச் சேர்ந்த ஒரு பக்தியுள்ள பெண்மணி, அருளப்பரின் திருப்பண்டம் ஒன்றைப் பெறவேண்டுமென ஆண்டுக்கணக்கில் செபத்திலும் தவத்திலும் நிலைத்திருந்து, இறுதியில் அவருடைய விரலைப் பெற்றதாகத் தூர் நகர் ஆயர் புனித கிரகோரியார் எழுதி வைத்துள்ளார். அப்பெண்மணியைத் தெக்கிளா என்று ஊர் மரபு அழைக்கின்றது; அவர் கொணர்ந்தவை மூன்று விரல்கள் என்றும் சொல்கின்றது. அத்திருப்பண்டத்திற்காகவே ஆலயம் எழுந்தது. ஆலயத்தைச் சூழ்ந்து மறைமாவட்டமும் தோன்றியது. பல நூற்றாண்டுகள் தனித்து விளங்கிய அம்மறைமாவட்டம் 1966இல் ஷாம்பேரி மறைமாவட்டத்துடன் ஒன்றிணைக்கப்பட்டது.

பேராலயத்தினுள் நுழைபவரின் கண்ணை முதலில் ஈர்ப்பவை, குருக்கள் அமர்ந்து கட்டளைச் செபம் சொல்லும் மர இருக்கைகளாம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பியேர் மோஷே என்னும் சிற்பி அக்ரூட் மரத்தில் ஆண்டுகள் பல உழைத்துச் செதுக்கிய புனிதர்களின் உருவங்கள் அவற்றில் வரிசையாக நிற்கின்றன. ஒரு கூரிய இரும்பு, பொறுமையுள்ள கையில் அமர்ந்தால் எதைச் செய்யும் என்பதற்கு அவை சான்று. மூன்று விரல்களை உயர்த்தி ஆசி வழங்கும் அருளப்பரின் கரமே அந்நகரின் சின்னமாகவும் விளங்குகின்றது.

நகரிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதை அல்பியே என்னும் மலையூரை அடைகின்றது. அங்கே கெவூதா என்னும் குக்கிராமத்தில் ஓப்பினெல் குடும்பத்தாரின் கொல்லுப் பட்டறை இருந்தது. பாட்டனார் ஆணி அடித்தார். தந்தையார் கோடரியும் அரிவாளும் கவாத்துக் கத்தியும் செய்தார். மகன் யோசேப்பு ஓப்பினெல் 1890இல், தம் பதினெட்டாம் வயதில், ஒரு மடக்குக் கத்தியை உருவாக்கினார். அதில் அணி எதுவுமில்லை. ஒரு மரப்பிடி, அதில் ஒரு பிளவு, அப்பிளவினுள் மடங்கும் ஓர் அலகு, அதைத் தாங்கும் ஓர் ஆணி, பிடியின் கழுத்தில் ஓர் உலோகப் பூண் - இவ்வளவே. 1897க்குள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் அக்கத்தி கிடைத்தது. சந்தைகளில் உழவர் வாங்கினர். இருப்புப்பாதைத் தொழிலாளர் வாங்கித் தாம் சென்ற ஊர்களுக்கெல்லாம் கொண்டு சென்றனர். பள்ளத்தாக்கைத் துளைத்த இருப்புப்பாதையே அதைப் பிரான்சு முழுவதும் பரப்பியது எனலாம். இன்று அந்நகரில் இக்கத்திக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

கத்தி செய்வோர் ஒவ்வொருவரும் தம் பொருளில் தமக்குரிய அடையாளத்தைப் பொறிக்க வேண்டுமென்று 1565இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்லஸ் ஆணையிட்டிருந்தார். யோசேப்பு ஓப்பினெல் 1909இல் தம் அடையாளத்தைப் பதிவு செய்தபோது, சிங்கத்தையோ வாளையோ நாடவில்லை. தம் ஊருக்கு அண்மையிலிருந்த நகரின் சின்னமான அருளப்பரின் ஆசிக் கரத்தையே தெரிந்துகொண்டு, சவோய் பிரபுக்களின் நினைவாக அதன்மேல் ஒரு மகுடத்தைச் சேர்த்தார். இன்றளவும் ஒவ்வோர் அலகிலும் அக்கரம் பொறிக்கப்படுகின்றது. ஏரோதின் ஆணையால் தலை வெட்டுண்ட ஒருவருடைய கரம், கூரிய இரும்பின்மேல் ஆசி வழங்கும் கரமாக நிற்பது சிந்திக்கத் தக்கது. கொல்லும் இரும்பும் அப்பம் அறுக்கும் இரும்பும் ஒரே உலையிலிருந்து வருகின்றன. வேற்றுமை, கத்தி எதற்காகத் தெரிந்துகொள்ளப்படுகின்றது என்பதிலும், எக்கையில் அமர்கின்றது என்பதிலுமே உள்ளது.

இதை ஈண்டு எழுதுவதற்குக் காரணமுண்டு. பங்கு இளைஞர்கள் மலை முகாமுக்கோ ஆற்றோரத்திற்கோ புறப்படும் விடுமுறை நாள்களில், "சாமி, பையன் கத்தி வேண்டுமென்கிறான், எதை வாங்கிக் கொடுப்பது?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. சிலர் அச்சத்தால் எதையும் வாங்கித் தருவதில்லை. பையன் யாரும் அறியாமல் எங்கோ ஒன்றை வாங்கிவிடுகிறான். வேறு சிலர், திரைப்படத்தில் கண்டது போன்று பற்கள் வெட்டிய பெரிய கத்தியை வாங்கித் தருகின்றனர். அது அவன் கைக்கு அடங்குவதில்லை. இரண்டுமே தீங்கு. இப்பள்ளத்தாக்கின் மக்கள் நூறாண்டுகளுக்கு மேலாகக் கைக்கொண்ட முறை நமக்கு வழிகாட்டும்.

முதற்கண் வேலையை எண்ணவேண்டும். முகாமில் கத்தி செய்யும் வேலை எது? ரொட்டி அறுத்தல், காய் நறுக்கல், கயிறு வெட்டல், அடுப்பு மூட்டச் சுள்ளி சீவல், மீனின் வயிற்றைப் பிளந்து கழுவல். இவற்றுள் எதற்கும் ஒரு சாண் நீள அலகு வேண்டியதில்லை. ஓப்பினெல் வரிசையில் ஆறாம் எண்ணின் அலகு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். எட்டாம் எண் 8.5, பத்தாம் எண் 10, பன்னிரண்டாம் எண் 12. இவற்றுள் எட்டாம் எண்ணையே பெரும்பாலோர் விரும்புகின்றனர். அது வளர்ந்தவர் உள்ளங்கையில் நிறைந்து அமர்கின்றது, சட்டைப்பையில் கனப்பதுமில்லை. மீன் பிடிப்பதையே முதன்மையாகக் கொண்டோர்க்கு, சதையை எலும்பிலிருந்து பிரிக்க வசதியாக, ஒடுங்கி நீண்ட அலகுடைய வகை தனியே உண்டு. சிறுவர்க்கென முனையை வட்டமாக்கிய ஏழாம் எண்ணும் உண்டு. முதற்கத்தி வாங்கும் பெற்றோர் இதைக் கருத்திற்கொள்வாராக.

இரண்டாவது, மூட்டு. மடக்குக் கத்தியில் விரலுக்கு ஆபத்து முனையால் வருவதைவிட மூட்டால் வருவதே அதிகம். அழுத்தி வேலை செய்யும்போது அலகு திடீரென மடங்கினால், அது பிடியைப் பற்றியிருக்கும் விரல்கள்மேல் விழும். ஓப்பினெல் கத்தியிலும் தொடக்கத்தில் இதைத் தடுக்க ஏற்பாடில்லை. 1955இல் மார்செல் ஓப்பினெல் என்பவர், கழுத்துப் பூணின்மேல் சுழலும் வளையம் ஒன்றை அமைத்தார். அலகைத் திறந்தபின் வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. 2000க்குப்பின் வந்தவற்றில், மூடிய நிலையிலும் இவ்வளையத்தால் அலகைப் பூட்டலாம். பையினுள் தானே திறந்துகொள்ளாது. எந்த நிறுவனத்தின் மடக்குக் கத்தியை வாங்கினாலும், திறந்த அலகு பூட்டிக்கொள்கின்றதா, பூட்டியபின் ஆடாமல் நிற்கின்றதா என்று கடையிலேயே பார்த்துவிடுதல் வேண்டும். சிறு கைகளுக்குரியதில் இது இன்றியமையாதது.

மூன்றாவது, எஃகு. கரிம எஃகு எளிதில் கூராகும். ஆற்றங்கரைக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். ஆனால் ஈரம் பட்டால் துருவேறும். எலுமிச்சை, வெங்காயம் பட்டால் கறுக்கும். பயன்படுத்தியவுடன் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவுபவர்க்கே அது உரியது. குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைத் தீட்டச் சற்றுக் கூடுதல் உழைப்பு வேண்டும். ஆயினும் அது மறதியை மன்னிக்கும். கடலோரத்தில் வாழ்வோரும் மீனுக்காகக் கத்தி வாங்குவோரும் இதையே தெரிந்துகொள்வது நன்று. உப்புக்காற்று கரிம எஃகை விட்டுவைக்காது.

நான்காவது, பிடி. ஓப்பினெல் கத்தியின் பிடி பெரும்பாலும் பீச் என்னும் மரத்தாலானது. மரம் கைக்கு இதமானது, வழுக்குவதில்லை. ஆயின் நீரில் ஊறினால் பருத்து, அலகு பிளவினுள் இறுகிக்கொள்ளும். சவோய் நாட்டார் இதற்கொரு வழி கண்டனர்: மூடிய கத்தியின் பிடிநுனியை ஒரு மரத்தின்மேல் மெல்லத் தட்டுவர், அலகு வெளியே எட்டிப்பார்க்கும், அதைப் பற்றித் திறப்பர். அங்கே அது 'சவோயர் தட்டு' என்றே பெயர் பெற்றுள்ளது. நாள் முழுதும் நீரில் நின்று மீன் பிடிப்போர் இதை அறிந்திருத்தல் நலம்.

இனி, இக்கத்தி எதற்கு உதவாது என்பதையும் சொல்லவேண்டும். மடக்குக் கத்தி எதுவாயினும் அதன் மூட்டே அதன் நலிவு. அதை விறகின்மேல் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளக்கலாகாது. டப்பா மூடியை நெம்பலாகாது. அவ்வேலைக்கு, அலகின் எஃகு பிடியினுள்ளும் நீண்டு செல்லும் மடங்காத கத்தியே ஏற்றது. சுவீடன் நாட்டு மோரா வட்டாரத்துக் கத்திகள் அவ்வகையில் எளிமைக்கும் குறைந்த விலைக்கும் பெயர் பெற்றவை. வேட்டையாடுவோரும் பெரிய விலங்கை உரிப்பதற்கு மடங்காத கத்தியையே நாடுவர். மடக்குக் கத்தியின் பிளவினுள் குருதியும் கொழுப்பும் புகுந்தால் கழுவி எடுப்பது அரிது. மொரியென் மலைகளில் ஷமுவா என்னும் மலையாட்டை வேட்டையாடும் வழக்கம் இன்றும் உண்டு. எனினும் அருகிலுள்ள வனுவாஸ் தேசியப் பூங்காவின் உட்பகுதியில் வேட்டைக்குத் தடை. 1963இல் அமைந்த அதுவே பிரான்சின் முதல் தேசியப் பூங்கா. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கு வேட்டையைத் தடை செய்துள்ளமையால், நம் இளைஞர்க்கு வேட்டைக் கத்தி தேவையே இல்லை.

அந்நாட்டுத் திருத்தலங்களுக்குச் செல்வோர் நினைவுப்பொருளாகக் கத்தி வாங்குவதுண்டு. அதை விமானத்தில் கைப்பையில் வைத்தல் ஆகாது; பெட்டியினுள் வைத்துச் சரக்குடன் அனுப்பவேண்டும். பிரான்சிலும் தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் கத்தியுடன் திரிவது சட்டப்படி குற்றம். முகாமுக்குச் செல்பவன் முகாமில் வைத்திருக்கட்டும். கடைத்தெருவிலும் பள்ளியிலும் அதற்கு இடமில்லை.

கத்தியைக் கொடுப்பதோடு பெற்றோர் கடமை முடிவதில்லை. உட்கார்ந்து வெட்டுக, உடலுக்கு எதிர்த்திசையில் வெட்டுக, அடுத்தவர் எட்டும் தொலைவில் இருந்தால் வெட்டாதிருக்க, பிறர்க்கு நீட்டும்போது பிடியை முன்னாக நீட்டுக, எழுந்து நடக்குமுன் மடக்கிப் பூட்டுக. மழுங்கிய கத்தியே கூரிய கத்தியைவிட ஆபத்தானது. அதை அழுத்தவேண்டியிருப்பதால் வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். ஆகவே சாணைக்கல்லில் தீட்டும் முறையையும் தந்தையே உடனிருந்து கற்பிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் சொல்லிக்கொடுக்கக் கூடியவையே.

பிரான்சு மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கத்தியை அன்பளிப்பாகப் பெறுபவர், கொடுத்தவர்க்கு ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுப்பார். இல்லையேல் கத்தி நட்பை அறுத்துவிடும் என்பர். அந்நம்பிக்கையை நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும் மகனுக்கோ மகளுக்கோ முதற்கத்தியைத் தரும் பெற்றோர், நாணயத்திற்குப் பதிலாக ஒரு வாக்குறுதியைக் கேட்டுப் பெறலாம்: முகாமில் அக்கத்தி அறுக்கும் முதல் ரொட்டித்துண்டு அருகிலிருப்பவனுக்கே தரப்பட வேண்டும் என்பதே அது.