பளிங்குக்குப் பின்னால் ஒரு பெயர்

டாக்குரியா ஏரிக் கரையில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. நடைப்பயிற்சிக்காரர்கள், துடுப்புப் படகுகள், மண் குவளையில் தேநீர். 1958ல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றியும் ஊர் வாய் பழைய பெயரை விடவில்லை. சற்றுத் தள்ளி லேக் மார்க்கெட். பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் வேர்விட்ட பகுதி. முருங்கைக்காயும் காபிப் பொடியும் இன்றும் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டவர்கள் வால்டேருக்கு வடக்கே ஏறி வந்தது பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் பாதையில். அதே ரயில்வேயில் உத்தியோகம் தேடிக் கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரரும் உண்டு: வின்சென்ட் எஷ். 1876ல் பிறந்தவர். உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

விக்டோரியா மகாராணி 1901ல் மறைந்ததும் கர்சன் பிரபு ஒரு நினைவு மண்டபம் கேட்டார். வடிவமைத்தவர் வில்லியம் எமர்சன். அவரது திட்டத்துக்குச் சித்திரம் தீட்ட 1902ல் அழைக்கப்பட்ட எஷ், பிறகு அந்தக் கட்டுமானத்தையே மேற்பார்வையிட்டார். கல்கத்தாவின் இளகிய மண்ணில் மக்ரானா பளிங்கின் பாரத்தை நிறுத்துவது லேசான காரியமல்ல. அதற்கேற்ற அஸ்திவாரம் அவருடைய யோசனை. தோட்டத்தின் வாயில்களும் வடபுறப் பாலமும் அவர் வரைந்தவை.

1906ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழுந்துகொண்டிருக்கும்போதே, 1911ல், தலைநகரம் டெல்லிக்கு என்று அறிவிப்பு வந்தது. சாம்ராஜ்யத்தின் பெருமைக்காகத் தொடங்கிய மண்டபம் 1921ல் திறக்கப்பட்டபோது கல்கத்தா வெறும் மாகாணத் தலைநகர். செலவு சுமார் ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாய்.

இடையில் எஷ் நிஜாமின் அழைப்பில் ஹைதராபாத் போனார். கல்கத்தாவில் ஐரோப்பியத் தூண்களோடு பழகியவர், அங்கே குவிமாடங்களுக்கும் வளைவுகளுக்கும் மாறினார். காச்சிகுடா ரயில் நிலையம் அவர் கைவண்ணம். 1920களின் தொடக்கத்தில் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார், 1950ல் காலமானார்.

ஏறத்தாழ அதே சமயத்தில்தான் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை டாக்குரியாவின் சதுப்பு நிலத்தை வெட்டி ஏரியாக்கியது. ராணிக்கு மண்டபம் கட்டி முடித்த நகரம், குடியிருப்பவர்களுக்கு வீதியும் நீரும் தேடத் தொடங்கியிருந்தது.

விக்டோரியா நினைவு மண்டபத்தைப் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்வது எமர்சனின் பெயரை. வருஷக்கணக்கில் வெயிலில் நின்று அந்தப் பளிங்கை நிமிர்த்தியவர் பெயர் அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது. ஏரி வெட்டிய கூலிக்காரர்களின் பெயர்களோ அதுவும் இல்லை.