பட்டியலில் உள்ள பெயர்

கருத்துக்கணிப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் ஓடும் தொகுதி எண்ணிக்கை. கேள்வித்தாளோடு ஊர் ஊராய் அலையும் எங்களுக்கோ அது ஒரு பெயர். வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளி விட்டு எடுத்த பெயர். அவரைத்தான் பார்க்க வேண்டும். அவர் இல்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துத் தாளை நிரப்பக் கூடாது.

குடவோலையைத் தேர்தலுக்கு முன்னோடி என்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தால் எனக்கு எங்கள் தொழில்தான் தெரிகிறது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். எடுப்பவன் விருப்பம் நுழையக் கூடாது என்ற கவலை அந்தப் பத்தாம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத் தென்னேரிப் பக்கம், பட்டியலில் உள்ளவரையே பார்ப்பது என்ற விதியைக் காப்பது லேசான காரியமில்லை. பகலில் போனால் ஏரிப் பாசனக் கழனிக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வேன் ஏறும் பிள்ளைகள் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். கூப்பிடாமலே பேச வருபவர்கள் டீக்கடை பெஞ்சில் இருக்கிறார்கள். அவர்களை வைத்தே ஒரு நாள் வேலையை முடித்துவிடலாம். தாள் நிரம்பும், ஊர் அதில் இருக்காது. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைக் குவித்து வைத்துக்கொண்டு அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். பதில் எத்தனை என்பதைவிட யாருடையது என்பதுதான் முக்கியம்.

பட்டு நெசவாளர் வீட்டில் பகலிலும் ஆள் இருப்பார். ஆனால் குழித்தறியில் மிதித்துக்கொண்டிருப்பவரை நிறுத்திக் கேட்டால் அவர் கூலியில் கை வைப்பதாகும். கோர்வைச் சேலை என்றால் கூட ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் காதுபட யாருக்கு ஓட்டு என்று எப்படிச் சொல்வார்? சாப்பாட்டு வேளைக்குக் காத்திருப்பேன். பெண்களிடம் வேறு விதச் சிக்கல். "நீ எந்தக் கட்சிம்மா?" என்பதே முதல் கேள்வி. அதைத் தாண்டினால், "எங்க வீட்டுக்காரரையே கேட்டுக்கோங்க."

இதற்கு லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பின் கணிப்புகளில் ஒரு வழி உண்டு. கட்சிச் சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். வீட்டுக்காரரைக் கை காட்டிய அதே அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, யோசிக்காமல் குறியிட்டு, பெட்டியில் தானே போடுவதைப் பார்த்திருக்கிறேன். கருத்து அவருக்கு முன்பே இருந்தது. எங்கள் கேள்விக்குத்தான் மறைவு தேவைப்பட்டது.

எந்தப் பெட்டியும் வாங்கித் தராத பதிலும் ஒன்று உண்டு. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை 2022 முதல் எதிர்த்துவரும் ஏகனாபுரத்தில், 2024 மக்களவைத் தேர்தலைப் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். யாருக்கு ஓட்டு என்ற கேள்விக்கு அவர்கள் பதில் வெற்றிடம்தான். அதைச் சாவடிக்குப் போக அலுப்புப்பட்டவரின் வெற்றிடத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, மிச்சமிருப்பவர்களை நூறு விழுக்காடாக்கிக் கணக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. அட்டவணை அழகாக வரும். கோபமாக இருந்தவர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

யாருக்கு எத்தனை இடம் என்று சொல்லும் ஆசையே இந்தத் தொழிலைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. ஆயிரம் பேரைச் சரியாகத் தேர்ந்து கேட்டாலும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு அங்கும் இங்கும் போகும். 2016 சட்டமன்றத் தேர்தலில் இரு பெரிய அணிகளுக்கும் இடையே இருந்தது சுமார் ஒரு விழுக்காடு. முதலில் முடிவு வந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க. 134, தி.மு.க. அணி 98. அந்த இடைவெளியை முன்கூட்டி அறிய எங்களிடம் கருவி கிடையாது. அறிந்ததாகச் சொன்னவர்கள் பந்தயம் கட்டினார்கள்.

என்றாவது ஒருவர் கேள்வித்தாளோடு வந்து உங்கள் பெயரைச் சொல்லி விசாரித்தால், நேரமில்லை என்று அடுத்த வீட்டைக் காட்டிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியது நீங்கள்தான்.