நொடிக்கு ஒரு குண்டு

இரண்டே இரண்டு குண்டுகள்தான். 'டப்... டப்'. நடுவில் அரை நொடிகூட இருக்காது. மூன்றாவது குண்டுக்கு விரல் அசைவதற்குள் பின்னாலிருந்து அதட்டல் வந்தது.

ஊழியர் சுவரைக் கைகாட்டினார். பெரிய எழுத்தில் விதிகள். ஒரு நொடிக்கு ஒரு குண்டுதான் சுட வேண்டும். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவக் கூடாது. நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. "இன்னொரு தடவை இப்படிச் சுட்டால் நீங்கள் கிளம்ப வேண்டியதுதான்" என்றார். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

அவருக்கு 43 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் இருக்கும் சாண்ட்லரில் குடும்பத்தோடு வசிக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், ஞாயிற்றுக்கிழமையானால் இட்லி மாவு அரைப்பது என்று போகும் வாழ்க்கை. அதற்குள் துப்பாக்கி எப்படி வந்தது?

அது கல்லூரி நாட்களிலிருந்து வந்தது. என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து, .22 ரைஃபிளைத் தோளில் அணைத்து ஐந்து குண்டுகள் சுட்டார். ஐந்தும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தன. "யாரும்மா இது?" என்று அதிகாரி கேட்ட அந்த ஒரு கேள்வி இருபது வருடமாக மனசுக்குள்ளேயே இருந்தது.

அமெரிக்கா வந்ததும் ஆசை தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தார். ஆனால், வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருக்க அந்த நாட்டின் மத்தியச் சட்டம் தடை போடுகிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. 'எதற்கு வம்பு, விசாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று அந்தப் பக்கமே போகவில்லை. 14 வருடம் காத்திருந்து கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் பேச்சை எடுத்தார்.

"பொண்ணு இருக்கற வீடு. முதல்ல பெட்டகம் வாங்கு, அப்புறம் துப்பாக்கியப் பத்திப் பேசு" என்றார் கணவர். பெட்டகம் வந்தது. பிறகு, பின்னணிச் சோதனை முடிந்து ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வந்தது. குண்டுகளுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "ஏட்டி, ஒனக்கு எதுக்குட்டி துப்பாக்கி? அங்க என்ன போரா நடக்கு?"

ஓடிக்கொண்டே சுடும் ஆட்டம்

அவரை இழுத்தது போர் அல்ல, ஒரு விளையாட்டு. 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்று பெயர். மனு பாக்கர் ஒலிம்பிக்கில் நின்ற இடத்திலேயே நின்று சுட்டாரே, அதற்கு நேர்மாறானது இது. டைமர் 'பீப்' அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவ வேண்டும். ஓட வேண்டும். தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். ஓட்டத்திலேயே மேகஸினை மாற்ற வேண்டும். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவதுதான் ஸ்கோர். துல்லியம் மட்டும் போதாது, வேகம் மட்டும் இருந்தாலும் பயனில்லை. 1976-ல் இதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு அமெரிக்காவில்தான் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய ஜெஃப் கூப்பர் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி நடத்தியதும் இதே அரிசோனாவில்தான்.

இதற்குப் பழக வேண்டும் என்றால் வேகமாகச் சுட்டாக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததோ கூரை போட்ட உள்ளரங்கம். நொடிக்கு ஒன்று என்றால் எப்படிப் பழகுவது?

அதட்டல் வாங்கிய அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் பொருமித் தீர்த்தார். "நான் என்ன சின்னப் பிள்ளையா? எல்லார் முன்னாடியும் திட்டறான்."

"விட்டுடேன்மா. பேசாம யோகா கிளாஸ் போயேன்" என்றார் கணவர்.

"உங்களுக்கு இது புரியாதுங்க."

அன்றிலிருந்து வேறு இடம் தேட ஆரம்பித்தார். இன்னொரு உள்ளரங்கத்தில் விசாரித்தார். அங்கேயும் அதே விதி. திறந்தவெளிக் களம் ஒன்றுக்குப் போனார். காற்றோட்டமாக இருந்தது. ஆனால், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை 'சீஸ் ஃபயர்' அறிவிப்பு வரும். எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்து மேஜையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். உறையிலிருந்து உருவ அங்கேயும் அனுமதி இல்லை.

விதியே இல்லாத இடம்

"பாலைவனத்துக்குப் போகலாமே. அங்கே கேட்க ஆளில்லை" என்றார் அலுவலக நண்பர் ஒருவர்.

அது உண்மைதான். அரிசோனாவில் மத்திய அரசுக்குச் சொந்தமான பொது நிலம் ஏராளம். தடை செய்யப்பட்ட பகுதிகள் தவிர, பல இடங்களில் யார் வேண்டுமானாலும் போய்ச் சுட்டுப் பழகலாம். கட்டணம் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை. தேசிய வனப்பகுதி என்றால் வீடு, முகாம், ஆட்கள் இருக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது, சாலைக்குக் குறுக்கே சுடக் கூடாது என்பது போன்ற சில விதிகள் மட்டும் உண்டு. அவற்றைச் சொல்லித் தரவும் பக்கத்தில் ஆள் இருக்காது.

நவம்பர் மாதம், வெயில் தணிந்த ஒரு சனிக்கிழமை கிளம்பினார்கள். நண்பர், அவர், கூடவே "நானும் வரேன்" என்று அடம்பிடித்த மகள். ஃபீனிக்ஸுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணம். மண் பாதையில் திரும்பியதும் ஆளரவமே இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சகுவாரோ கள்ளிகள். முதல் கிளை விடவே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மரங்கள் அவை. சிலவற்றில் குண்டுத் துளைகள் தெரிந்தன. 1982-ல் ஃபீனிக்ஸ் பக்கத்தில் ஒருவர் விளையாட்டாக ஒரு சகுவாரோவைச் சுட்டுக்கொண்டே இருக்க, அது உடைந்து மேலே விழுந்து அவரே இறந்துபோன கதையை நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். தரையெல்லாம் காலித் தோட்டாக்கள். யாரோ கொண்டுவந்து சுட்டுச் சிதறடித்த பழைய டி.வி. ஒன்று கிடந்தது.

தாழ்ந்த மேடு ஒன்றின் உச்சியில் தகர டப்பாக்களை வரிசையாக அடுக்கினார்கள். பின்னால் நீல வானம். டப்பாக்கள் பளிச்சென்று தெரிந்தன. முதலில் நண்பர் கொண்டுவந்த .22 ரைஃபிள். என்.சி.சி. ஞாபகம் வந்தது. அப்புறம் பிஸ்டலை எடுத்தார். 'டப் டப் டப்'. யாரும் அதட்டவில்லை. இன்னும் வேகமாகச் சுட்டார். இருபது வருடம் குறைந்தது போல இருந்தது.

"அம்மா, நிறுத்து!"

காரின் பக்கத்தில் நின்ற மகள்தான் கத்தினாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. சில நொடிகளில், டப்பாக்கள் இருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, சின்ன மோட்டார் பைக்கில் ஒரு பையன் மேலேறி வந்தான். எட்டு, ஒன்பது வயது இருக்கும். தலையில் பெரிய ஹெல்மெட். பின்னாலேயே இன்னொரு பைக்கில் அவன் அப்பா. துப்பாக்கிகளைப் பார்த்தும் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கையசைத்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் இறங்கிப் போனார்.

பிஸ்டலைக் காலி செய்து பெட்டியில் வைக்கும்போது அவருடைய கை நடுங்கியது. எத்தனை குண்டுகள் டப்பாவில் படாமல் மேட்டைத் தாண்டிப் போயின? எண்ணிப் பார்த்தார். குறைந்தது பதினைந்து. .22 குண்டுப் பெட்டியைத் திருப்பினார். குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. அதாவது, 2.4 கிலோமீட்டர். அவ்வளவு நேரமும் பெட்டி அவர் காலடியில்தான் இருந்தது.

வீடு வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை.

தூங்காத இரவு

அன்றிரவு கணவரிடம் மறைக்காமல் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. "அந்தப் பையன் நம்ம பொண்ணா இருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அரிசோனாவில் 'ஷானன் சட்டம்' என்று ஒன்று இருக்கிறது. 1999 ஜூனில் ஃபீனிக்ஸில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுக் கொல்லையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ யாரோ சுட்ட குண்டு வந்து விழுந்ததில் இறந்துபோனாள். அவள் பெற்றோர் விடாமல் போராடினார்கள். நகர எல்லைக்குள் அலட்சியமாகத் துப்பாக்கியைச் சுட்டால் பெருங்குற்றம் என்று 2000-ல் சட்டம் வந்தது. அவள் பெயர்தான் சட்டத்துக்கு.

இன்னொரு சம்பவத்தை அரிசோனாக்காரர்கள் மறக்கவில்லை. 2014 ஆகஸ்டில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு துப்பாக்கிச் சுடும் களத்தில், 9 வயதுச் சிறுமியின் கையில் தானாகத் தொடர்ந்து சுடும் ஊஸி துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பின்னுதைப்பைச் சிறு கைகளால் தாங்க முடியவில்லை. துப்பாக்கி மேலெழும்பித் திரும்பியதில், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரே உயிரிழந்தார்.

உள்ளரங்கத்துச் சுவரில் இருந்த விதிகள் அப்போதுதான் அவருக்கு விளங்கின. ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி முனை கொஞ்சம் மேலே எழும்பும். அது கீழிறங்கும் முன்பே அடுத்ததைச் சுட்டால், மூன்றாவது நான்காவது குண்டு கூரைக்குப் போகும். வாழ்க்கையில் முதல்முறையாக, அதுவும் வாடகைக்கு வாங்கித் துப்பாக்கியைத் தொடுகிறவர் பக்கத்தில் நிற்கலாம். யாருக்குப் பழக்கம் உண்டு, யாருக்கு இல்லை என்று ஊழியருக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் ஒரே விதி, நொடிக்கு ஒன்று.

இரண்டு மாதம் பெட்டகத்தைத் திறக்கவே இல்லை.

ஓடலாம், ஆனால்...

பிறகு அவர் போய்ச் சேர்ந்தது, ஊருக்கு வெளியே பிராக்டிகல் ஷூட்டிங் போட்டிகள் நடத்தும் ஒரு கிளப்பில். அங்கே வேகமாகச் சுடலாம். உருவலாம், ஓடலாம். அவர் தேடிய எல்லாமே இருந்தது. ஆனால், முதல் நாளே சுட விடவில்லை. முதலில் பாதுகாப்பு வகுப்பு.

அந்த வகுப்பில்தான் தெரிந்தது, அவர் பார்த்ததிலேயே கறாரான இடம் இதுதான் என்று. சுடும் முறை வரும்வரை எல்லோருடைய துப்பாக்கியும் குண்டில்லாமல் உறைக்குள் இருக்க வேண்டும். உறையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கென ஒதுக்கிய மேஜைக்குத்தான் போக வேண்டும். அந்த மேஜையில் குண்டைக் கையால் தொட்டாலே வெளியேற்றம். ஓடும்போதும் மேகஸின் மாற்றும்போதும் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். முனை எப்போதும் எதிரே இருக்கும் மண் கரையைத்தான் பார்க்க வேண்டும். வலம், இடம் என்று பக்கவாட்டில் ஒரு கோடு கிழித்தால், அதைத் தாண்டி முனை பின்பக்கம் ஒரு நொடி திரும்பினாலும் அன்றைய போட்டி முடிந்தது. பழைய ஆள், புதிய ஆள் என்ற கணக்கே கிடையாது.

சுடும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கமும் உயரமான மண் கரை. அவர் முதலில் பார்த்தது அதைத்தான். இலக்குகளுக்குப் பின்னால் வானம் தெரியவில்லை. மண்தான் தெரிந்தது.

முதல் போட்டி. மகளும் கணவரும் பின்னால் நின்றார்கள். "மேக் ரெடி" என்றார் நடுவர். "ஆர் யூ ரெடி? ஸ்டாண்ட் பை." 'பீப்'.

உருவினார், சுட்டார், நகர்ந்தார். முதல் இரண்டு சுற்றுகள் மெதுவாக, ஆனால் சுத்தமாக முடிந்தன. மூன்றாவது சுற்றில் வலமிருந்து இடமாக ஓட வேண்டும். ஓடிக்கொண்டே மேகஸினை மாற்றினார். கண் மேகஸினில் இருந்தது. முனை இடப்பக்கக் கோட்டைத் தாண்டிப் பின்னால் திரும்பியது அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்டாப்!"

அப்படியே நின்றார். காலி செய்யச் சொன்னார்கள். செய்தார். உறையில் வைத்தார். "மன்னிக்கவும், இன்றைக்கு உங்கள் போட்டி முடிந்தது" என்றார் நடுவர். குரலில் கோபம் இல்லை. மறுபடியும் எல்லோர் முன்னாலும்தான். ஆனால், இந்த முறை முகம் சிவக்கவில்லை. "நீங்கள் சொன்னது சரி" என்றார்.

வெளியேற்றப்பட்டவர் வீட்டுக்குப் போய்விடலாம். அவர் போகவில்லை. துப்பாக்கியைப் பையில் பூட்டி காரில் வைத்துவிட்டு வந்தார். ஒவ்வொருவரும் சுட்டு முடித்ததும் அட்டை இலக்குகளில் விழுந்த ஓட்டைகளை நாடா ஒட்டி மூட வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. ஒரு சுருளை மகளிடம் கொடுத்தார், ஒன்றைத் தான் வைத்துக்கொண்டார். மதியம் வரை இருவரும் ஓட்டை ஓட்டையாக ஒட்டினார்கள்.

"திட்டினாங்களாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"இல்லடா. காப்பாத்தினாங்க."

அன்று மாலை அம்மாவின் போன். "என்னட்டி, ஜெயிச்சியா?"

"இல்லம்மா, பாதியிலயே அனுப்பிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. இனிமே போவ மாட்டல்லா?"

"அடுத்த மாசம் மறுபடி இருக்கும்மா."