தலப்பா யாருக்குச் சொந்தம்?

திண்டுக்கல் என்றால் சட்டென்று இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று பூட்டு. இன்னொன்று பிரியாணி. முதலாவது வீட்டை மூட, இரண்டாவது வாயைத் திறக்க!

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம், "பிரியாணி சாப்பிடணும்ணே" என்றேன்.

"எங்கிட்டு சார்? தலப்பாக்கட்டியா, வேணுவா?"

"தலப்பாக்கட்டி."

"ஒரிஜினல்தானே?" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.

அந்த 'ஒரிஜினல்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதற்குள் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் இந்த ஊரில் ஒரு பிரியாணிக் கடை திறந்தார். போர்டில் எழுதிய பெயர் 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்'. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு விலாஸ் வாசலில்தான் விழ வேண்டும். பத்தோடு பதினொன்றாக இருந்திருக்க வேண்டிய பெயர். ஆனால் நாயுடு எப்போதும் தலையில் தலப்பா கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் போர்டைப் பார்க்கவில்லை, கல்லாவைப் பார்த்தார்கள். "தலப்பாக்கட்டி நாயுடு கடைக்குப் போவோமா?" என்றார்கள். முதலாளி வைத்த பெயர் பின்னால் போய்விட, ஜனங்கள் வைத்த பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

சீரகச் சம்பா அரிசியும் வெள்ளாட்டுக் கறியும் சேர்ந்த அந்த வாசனை ஊர் தாண்டியது. பெயரும் கூடவே தாண்டியது. தலப்பாக்கட்டி, தலப்பாகட்டு, தலப்பாக்கட்டு என்று ஊருக்கு ஊர் போர்டுகள் முளைத்தன. 'டி'க்குப் பதில் 'டு' போட்டால் போதும், புதுக்கடை தயார்! விவகாரம் சென்னை உயர் நீதிமன்றப் படி ஏறியது.

இதில் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியும். தலப்பா என்ன, ஒருத்தர் தலைக்கு மட்டும் சொந்தமா? ஆளாளுக்கு ஒரு முண்டாசு கட்டிக்கொண்டு சமைக்கக் கூடாதா? திண்டுக்கல் என்பது ஊர்ப்பெயர். பிரியாணி என்பது பண்டத்தின் பெயர். எதை எடுத்துப் பூட்டி வைப்பது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. 1999-ல் வந்து 2003-ல் அமலான டிரேட் மார்க் சட்டப்படி, சரக்கின் குணத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் வார்த்தையைச் சாதாரணமாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. 'சுவையான சாப்பாடு' என்று பெயர் வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர் "என் சாப்பாடும் சுவையானது" என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் விட முடியாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. வருஷக்கணக்கில் புழங்கி, அந்த வார்த்தையைக் கேட்டதுமே ஜனங்களுக்கு ஒரே ஒரு கடைதான் ஞாபகம் வருகிறது என்று நிரூபித்துவிட்டால், அது சொத்து. அதாவது, நாலு வீதி சாப்பாட்டு ராமன்கள் சேர்ந்து கூப்பிட்டே ஒரு சாதாரண வார்த்தையைப் பட்டா நிலமாக்கிவிடலாம்!

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 'மேஜிக் மசாலா' என்று நூடுல்ஸ் விற்ற ஐ.டி.சி., 'மேஜிகல் மசாலா' என்று விற்ற நெஸ்லே மீது இதே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழ்கிற பொதுவான வார்த்தை, அதற்கு யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்று 2020-ல் தீர்ப்பானது. பெங்களூரில் 'நந்தினி' பாலுக்கும் 'நந்தினி டீலக்ஸ்' ஓட்டலுக்கும் நடந்த சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போய், 2018-ல் ஓட்டலுக்குச் சாதகமாக முடிந்தது. நந்தினி என்பது புராணத்துப் பசுவின் பெயர், பால்காரருக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததல்ல. ஆனால் ஓட்டல்காரர் அந்தப் பெயரில் பால் விற்கக் கூடாது!

சாப்பாடு முடிந்த கையோடு மலைக்கோட்டை ஏறினேன். பிரியாணிக்குப் பிறகு மலை ஏறுவது புத்திசாலித்தனமில்லை, இருந்தாலும் காற்று அருமை. திண்டு மாதிரி கிடக்கும் கல் என்பதால்தான் திண்டுக்கல் என்கிறார்கள். ஆக, ஊரின் பெயரே பார்த்த பொருளைச் சொல்கிற பெயர்தான். நாயக்கர், ஹைதர் அலி, கும்பினிக்காரன் என்று மாறி மாறி இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். இப்போது கோட்டையைப் பிடிக்க ஆள் இல்லை, யுத்தமெல்லாம் போர்டுக்குத்தான்.

கீழே இறங்கிப் பூட்டுக் கடைப் பக்கம் போனால், பெயர்க் கதையின் இன்னொரு பாதி கிடைக்கிறது. 'திண்டுக்கல் பூட்டு' என்ற பெயர் தனி ஆள் சொத்தல்ல. பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதே வருஷம் பக்கத்துப் பழநி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. டிரேட் மார்க்கை முதலாளி விற்கலாம். புவிசார் குறியீட்டை யாரும் யாருக்கும் விற்க முடியாது, அது ஊரோடு ஒட்டியது. வெளியூரில் செய்த பூட்டின் மேல் 'திண்டுக்கல்' என்று பொறித்தால் தப்பு.

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து இறங்கிய பிறகு, பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. அலிகார் பூட்டு தன் மேல் 'அலிகார்' என்றே போட்டுக்கொண்டு வருகிறது, பெயரைத் திருடவில்லை. அதை எந்தக் கோர்ட்டில் போய்த் தடுப்பது? பிரியாணிக்காரருக்குப் போட்டி, பெயரை எடுத்துக்கொள்ள வந்தது. பூட்டுக்காரருக்குப் போட்டி, பெயரை அவரிடமே விட்டுவிட்டு வியாபாரத்தை எடுத்துக்கொண்டது.

கடைக்காரர் ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். நல்ல கனம். "அரம் போட்டுக் கையால செஞ்சது சார். ஒரு பூட்டுச் சாவி இன்னொண்ணுல சேராது" என்றார். பக்கத்தில் பளபளவென்று வடநாட்டுப் பூட்டுகள் அட்டையில் தொங்கின, விலை குறைவு. "எது அதிகமாப் போகுது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அட்டையைக் கண்ணால் காட்டினார்.

திண்டுக்கல் போனால் பிரியாணி சாப்பிடுங்கள், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வரும்போது கையால் செய்த பூட்டு ஒன்றும் கேட்டு வாங்கி வாருங்கள். பெயரைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. செய்கிற கையைக் காப்பாற்ற வாங்குகிற கைதான் வேண்டும்.